கம்ப்ரசரை மாற்றுவதற்கு முன்

கேள்வி: தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு ஓட்டும்போது முதல் அரை மணி நேரம் கார் ஏர்கோன் நன்றாகக் குளிர்கிறது. பிறகு ஃபேன் இரைகிறதே தவிர காற்று வருவதில்லை. இரண்டு முறை கேஸ் நிரப்பியாயிற்று. இப்போது கம்ப்ரசரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். கம்ப்ரசர் கெட்டிருந்தால் பெரும்பாலும் அந்த முதல் அரை மணி நேரமும் குளிர்ந்திருக்காது. காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் ஐஸ் கட்டி, காற்றை அடைக்கிறது என்றே தோன்றுகிறது. அடுத்த முறை காற்று நின்றதும் ஏசி பட்டனை மட்டும் அணைத்து, ஃபேனை முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். காருக்கு அடியில் தண்ணீர் கொட்டி, காற்றும் திரும்பினால் ஐஸேதான்.

செம்மண் தூசியில், காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் அடைத்திருந்தாலும் ஐஸ் கட்டும். முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால், காயில் தகடுகளுக்கு இடையே செருகியிருக்கும் தெர்மிஸ்டரை, அதாவது சூட்டை அளக்கும் சென்சரைச் சோதிக்க வேண்டும். காயில் மூன்று நான்கு டிகிரிக்கு இறங்கியதும் கம்ப்ரசர் நிற்பது இது தரும் அளவை வைத்துத்தான். சூடு ஏற ஏற இதன் ஓம் (மின்தடை) குறையும். பழசாகி ஓம் தானாகவே குறைந்துவிட்டால், உறைந்த காயிலையும் சூடு என்றே காட்டும். கம்ப்ரசர் நிற்காமல் ஓடும்.

கழற்றி, சுமார் 30 டிகிரி சாதாரணச் சூட்டில் மீட்டரில் ஓம் பாருங்கள். பிறகு நுனியை மட்டும் ஐஸ் தண்ணீரில் ஐந்து நிமிடம் வையுங்கள், பிளக் நனையக் கூடாது. நல்ல சென்சராக இருந்தால் 30 டிகிரியில் காட்டியதைப் போல மூன்று நான்கு மடங்கு சீராக ஏறும். எண் குதித்தாலோ, அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்குக் கீழே நின்றாலோ மாற்றிவிடுங்கள். புதியதைப் பழைய துளையில், அதே ஆழத்தில் செருகுவது முக்கியம். நுனி வெளியே நழுவினால் புது சென்சரும் பொய்தான் சொல்லும்.

இன்னொன்று: ஊற்றிய கேஸை முழுக்க இறக்கி, பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கர் சொல்லும் கிராம் அளவுக்கே மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். கூடுதல் கேஸ் நல்ல கம்ப்ரசரையும் கெடுக்கும்.

கேள்வி: ஆட்டோ ஏர்கோனை 24-இல் வைத்தால் காலையில் நடுக்கம், மதியம் வேர்வை. ஏன்?
- வாசகர், கோல கெட்டில்

பதில்: இரண்டு சென்சர்களைப் பாருங்கள். டேஷ்போர்டில் சிறு கம்பி வலைபோல் இருக்கும் துவாரம் உள்காற்றை உறிஞ்சி அளக்கும். ஃபேன் ஓடும்போது தபால்தலை அளவு டிஷ்யூவை அதில் வையுங்கள். ஒட்டாமல் விழுந்தால் தூசி அடைத்திருக்கிறது. டேஷ்போர்டுக்குள் தேங்கிய சூட்டையே அளந்து, தேவைக்கு மேல் குளிரூட்டும். மதிய வேர்வைக்கு, டேஷ்போர்டில் முன் கண்ணாடியோரம் இருக்கும் கறுப்புக் குமிழைக் கவனியுங்கள். அதுதான் வெயில் சென்சர். பிள்ளையார் சிலையோ துண்டோ அதை மறைத்தால் வெளியே வெயிலே இல்லை என்று கணக்குப் போட்டு, ஏர்கோன் குளிரைக் குறைத்துவிடும். பிள்ளையாரை ஒரு சாண் தள்ளி வையுங்கள்.