வாசகர் கேள்விகள்: உடை மட்டும் மாறினால் போதுமா?

கேள்வி: அமெரிக்க அனிமேஷன் படங்களில் இப்போது எல்லா நாட்டு மனிதர்களும் வருகிறார்கள். இவற்றில் எது பெயரளவுக்குச் சேர்த்தது, எது உண்மையான சித்திரிப்பு என்று எப்படி அறிவது?
– வாசகி ஒருவர், மதுரை

பதில்: கதாபாத்திரத்தின் பெயரையும் உடையையும் மாற்றி வேறொரு நாட்டில் கொண்டுபோய் வைத்தாலும் கதை அப்படியே நடக்குமா என்று யோசித்துப் பாருங்கள், நடக்குமென்றால், அங்கே பண்பாடு என்பது வெறும் தோரணம்தான். பிக்ஸார் நிறுவனம் 2017இல் வெளியிட்ட ‘கோகோ’ படம் மெக்சிகோ மக்கள் நவம்பர் முதல் இரு நாள்களில் இறந்தோரை நினைத்துக் கொண்டாடும் திருநாளைப் பற்றியது. இயக்குநர் லீ அன்க்ரிச் முதலில் எண்ணிய கதையோ, மெக்சிகோக்காரத் தாயை இழந்த ஓர் அமெரிக்கச் சிறுவன் அந்தத் துயரிலிருந்து மெல்ல விடுபடுவதைச் சொன்னது. செண்டுமல்லி தூவி, படம் வைத்து, உணவு படைத்து இறந்தவரை ஆண்டுதோறும் வீட்டுக்கு அழைக்கும் மக்களின் திருநாளை வைத்துக்கொண்டு ‘மறந்து மேலே செல்’ என்று சொல்வது எவ்வளவு பெரிய முரண்! அதை உணர்ந்த பிறகு அவர்கள் மெக்சிகோச் சிறுவனை நாயகனாக்கி, மறக்கப்பட்டவர் மறுவுலகிலும் மறைந்துபோவார் என்பதையே கதையின் அச்சாக்கினார்கள். அச்சிறுவனின் பாட்டி ஓங்குவதற்கு முதலில் கையில் வைத்திருந்த மரக்கரண்டி செருப்பாக மாறியதும் ஆலோசகர்கள் சொல்லித்தான். மெக்சிகோப் பாட்டிமார் எதை எடுத்து ஓங்குவார்கள் என்பது அந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத்தானே தெரியும்?

இத்தனைக்கும் தாய் நிறுவனமான டிஸ்னி, 2013இல் அத்திருநாளின் பெயரையே வணிக முத்திரையாகப் பதிவுசெய்ய விண்ணப்பித்து, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதைக் கேலிச்சித்திரத்தால் சாடிய லாலோ அல்கராஸைப் பின்னர் இப்படத்துக்கு ஆலோசகராகவும் அமர்த்தினார்கள். விலைபோய்விட்டார் என்று அவரைச் சிலர் ஏசினார்கள். படத்தைப் பார்த்தபின் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கேள்வி: குரல் கொடுப்பவர் அதே இனத்தவராக இருந்தால் போதாதா?
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: அது வேண்டியதுதான், ஆனால் போதாது. ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரின் இந்தியக் கடைக்காரர் அபுவுக்கு நெடுங்காலம் குரல் கொடுத்த, இந்தியரல்லாத ஹாங்க் அஸாரியா, விமர்சனங்களுக்குப் பிறகு 2020இல் விலகினார். அவர் செய்தது சரியே. ஆனால் ‘நஹாசபீமாபெட்டிலான்’ என்று அபுவுக்கு ஒரு குடும்பப் பெயரைச் சூட்டியவர்கள் எழுத்தாளர்கள். எந்த இந்தியர் வந்து அதை உச்சரித்தாலும் அது இந்தியப் பெயராகிவிடாது.