இதயம் யாரிடம் தோற்றது?

அன்புள்ள ஐயா,

அப்பாவின் மருத்துவ அறிக்கையில் 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று எழுதியிருந்தார்கள். வீடே கலங்கிப்போனது. அகராதியில் ஃபெயிலியர் என்றால் 'தோல்வி' என்று இருக்கிறது. இதயம் யாரிடம் தோற்றது? இந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அப்பா. ஹார்ட் ஃபெயிலியர் என்றால் இதயம் நின்றுவிட்டது என்று பொருள் இல்லை. உடலுக்கு வேண்டிய அளவு ரத்தத்தை அதனால் இறைக்க முடியவில்லை, அவ்வளவே. துடிப்பு சட்டென்று நின்றுபோவது வேறு. அதற்குப் பெயர் கார்டியாக் அரெஸ்ட். மற்றதை மருத்துவரிடம் நிதானமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'ஃபெயில்' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் மூலமான லத்தீன் வினைக்கு 'ஏமாற்று' என்று பொருள். நம்பியிருந்தது கைவிட்டுவிடுகிறது, அந்தச் சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மழை வராவிட்டால் ஆங்கிலத்தில் மழை 'ஃபெயில்' ஆனது என்பார்கள். நாம் 'மழை பொய்த்தது' என்கிறோம். உறவே இல்லாத இரு மொழிகள் வானத்தைப் பார்த்து ஒரே குறையைச் சொல்லியிருக்கின்றன. எனக்கு இது இன்றைக்கும் பெரிய வியப்பு.

ஆனால் எல்லா இடத்திலும் 'பொய்த்தது' பொருந்தாது. வங்கி நொடித்துப்போகும், பிரேக் பிடிக்காமல் போகும், வயதானவரின் பார்வை மங்கும். ஆங்கிலம் இத்தனைக்கும் ஒரே சொல்லை வைத்து ஓட்டுகிறது. 'ஃபெயில்ட் டு ரிப்ளை' என்பதைப் 'பதிலளிக்கத் தோல்வியடைந்தார்' என்று எழுதுவதைப் பார்க்கும்போது மனம் நோகிறது. அவர் முயன்று தோற்கவில்லையே! பதில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. 'வித்தவுட் ஃபெயில்' என்பதற்குத் 'தவறாமல்' என்று அழகான சொல் இருக்கிறது.

எனக்குப் பிடிக்காத பொருள் ஒன்று உண்டு: ஒரு மனிதரையே 'ஃபெயிலியர்' என்பது. வணிகர்களிடையே அந்தச் சொல் தொழில் நொடித்த நிகழ்வைக் குறித்து வந்தது. ஆளுக்கே அது பெயராக ஒட்டிக்கொண்டது 19ஆம் நூற்றாண்டில்தான். 'அவர் ஒரு தோல்வி' என்று அதைத் தமிழுக்கு இறக்குமதி செய்யாதீர்கள். 'தொழிலில் தோற்றார்' என்றால் எதில் தோற்றார் என்பதாவது தெரியும்.

அப்புறம், உங்கள் அறிக்கைக்கு 'இதயச் செயலிழப்பு' என்ற சொல் தமிழில் புழங்குகிறது. அதுவும் நின்றுவிட்டதைப் போலத்தான் ஒலிக்கிறது. வீட்டில் பேசும்போது, 'இதயத்தால் ரத்தத்தைப் போதுமான அளவு இறைக்க முடியவில்லை, அதற்கு மருந்து எடுக்கிறார்' என்றே முழுதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்