முஸ்தபா கேம் மறுபடி வருமா? – வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: ஐயா, கல்யாணத்துக்காக, பல வருஷம் பூட்டிக்கிடந்த எங்கள் பெரிய வீட்டைத் திறந்து சுத்தம் பண்ணினோம். இரண்டாம் கட்டு அறையில், 1994-இல் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டிவி வீடியோ கேம் பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக், ஏழு கேசட், ஒரு துப்பாக்கி எல்லாம் அப்படியே கிடைத்தன. பிள்ளைகள் விளையாடியே தீருவோம் என்கிறார்கள். இதை ஓடவைக்க முடியுமா? இல்லை, ஆன்லைனில் 2,500 ரூபாய்க்கு வரும், டிவியில் செருகி ஆடும் 'பத்தாயிரம் கேம்' ஸ்டிக்கை வாங்கிவிடலாமா?
– வாசகி, கோட்டையூர்

பதில்: ஸ்டிக் வேண்டாம். கையில் இருப்பதை முதலில் பாருங்கள். ஆனால் பழைய அடாப்டரை அப்படியே செருகிவிடாதீர்கள். முப்பது வருஷம் சும்மா கிடந்த அடாப்டர் என்ன வோல்ட் தரும் என்று சொல்ல முடியாது. டிவி ரிப்பேர் பார்க்கிறவரிடம் கொடுத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். புது அடாப்டர் வாங்கினால் வோல்ட் மட்டும் ஒத்தால் போதாது. முள்ளின் நடுமுனை பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பதும் ஒத்திருக்க வேண்டும். மாறினால் பெட்டி போய்விடும்.

கேசட்டை வாயால் ஊதவே கூடாது. நாமெல்லாம் ஊதித்தான் வளர்ந்தோம், ஆனால் அந்த ஈரம் உள்ளே இருக்கும் செம்புப் பட்டைகளை அரித்துவிடும். மருந்துக் கடையில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கேளுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து, பட்டை பட்டையாகத் துடையுங்கள். முதல் குச்சி கரிபோலக் கறுத்து வரும், பயப்பட வேண்டாம். குச்சி வெள்ளையாக வரும்வரை துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள்.

துப்பாக்கி மட்டும் புது டிவியில் வேலை செய்யாது. அதன் பழுதல்ல அது. வாத்தைச் சுடும் ஆட்டத்தில் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக்குள் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைப் பிடித்தால் வாத்து விழும். பழைய டியூப் டிவியின் வேகத்துக்குக் கணக்குப் பண்ணிய வேலை அது. எல்சிடி திரை படம் காட்டச் சற்றே தாமதிப்பதால் கணக்குத் தப்பிவிடும். வீட்டில் டியூப் டிவி கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள்.

ஸ்டிக் விஷயம் அனுபவத்தில் சொல்கிறேன். போன வருஷம் நானும் ஒன்று வாங்கினேன். பட்டியலில் ஒரே கார் ஆட்டம் பதினோரு பெயரில் இருந்தது. பொத்தானை அழுத்தி, ஒரு மூச்சு விட்ட பிறகுதான் ஆள் குதிக்கிறான். இந்த மாதிரி ஸ்டிக்கில் நிரப்பியிருப்பது பெரும்பாலும் உரிமம் இல்லாத நகல். ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்கு உங்கள் 2,500 ரூபாயில் ஒரு பைசா போகாது.

கேள்வி: வயது 42. மகனுக்கு பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் பெட்டி வாங்கியிருக்கிறேன். நான் சின்ன வயதில் விளையாடியவற்றில் எதையெல்லாம் இன்றைக்கு முறையாக வாங்கலாம்? எது மறுபடி வெளிவர வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: துப்பாக்கிச் சண்டை ஆட்டமான கான்ட்ராவை இன்றைக்கே வாங்கலாம். 2019-இல் அதை உருவாக்கிய கொனாமி 'கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன்' வெளியிட்டது. பிஎஸ்4-க்கு வந்தது உங்கள் பிஎஸ்5-இலும் ஓடும். ஒரே டிவி முன்னால் அப்பாவும் மகனும் சேர்ந்து ஆடலாம். மேலே மேலே, கீழே கீழே, இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று முப்பது லைஃப் வாங்கும் வித்தையை நீங்களே மகனுக்குச் சொல்லிக்கொடுங்கள். மாரியோ, எக்ஸைட்பைக், ஐஸ் கிளைம்பர் மூன்றும் நின்டெண்டோ கம்பெனியின் 'சுவிட்ச்' கேம் பெட்டியில் ஆன்லைன் சந்தாவோடு வருகின்றன. சந்தா நின்றால் ஆட்டமும் நின்றுவிடும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

வெளிவர வேண்டியது எது என்று கேட்டீர்கள். முஸ்தபா! காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ரூபாய் டோக்கன் போட்டு ஆடியவர்களில் ஒருவருக்குக்கூட அதன் உண்மைப் பெயர் தெரிந்திருக்காது. 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்', 1993-இல் கேப்காம் என்ற ஜப்பான் கம்பெனி செய்தது. நாலு பேரில் மஞ்சள் தொப்பிக்காரர் முஸ்தபாவை எடுக்கத்தான் சண்டை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு மூன்று பேர் ஒரே மெஷினில் ஆடுவோம். பீப்பாயை உடைத்ததும் விழும் சாப்பாட்டை, லைஃப் குறைந்தவனுக்கு விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்பதில் நட்பே தெரிந்துவிடும். மூன்றாம் ஸ்டேஜில் காரிலேயே ஏறி ஆட்களை இடித்துத் தள்ளும்போது பின்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் கத்துவார்கள்.

அது இத்தனை வருஷமாக வீட்டு கேம் பெட்டிகளுக்கு (கன்சோல்) வரவே இல்லை. அது மார்க் ஷுல்ட்ஸ் வரைந்த 'ஸெனோஸோயிக் டேல்ஸ்' என்ற சித்திரக்கதையிலிருந்து எடுத்தது. பெயரிலோ ஜெனரல் மோட்டார்ஸின் 'கேடிலாக்' கார் இருக்கிறது. கேப்காம் மட்டும் நினைத்தால் போதாது, கதை உரிமை, பெயர் உரிமை இரண்டும் கைக்கு வர வேண்டும். அதனால்தான் 2018-இல் இதே ரகச் சண்டை ஆட்டங்கள் ஏழைச் சேர்த்து கேப்காம் விற்றபோது முஸ்தபா அதில் இல்லை. ஆனால் அதே 1993-இல் வந்த 'பனிஷர்', அந்தப் பாத்திரத்தின் உரிமையுள்ள மார்வெலோடு பேசி முடித்து 2024 தொகுப்பில் வந்துவிட்டது. மனம் வைத்தால் இதுவும் நடக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். வந்தால் அன்றே முழு விலை கொடுத்து வாங்குவேன்.

அடுத்து, 2005-இல் வந்த 'நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வாண்டட்'. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் போலீஸிடமிருந்து தப்பியோடியவர்கள் அதை மறக்க மாட்டார்கள். ஆட்டம் முழுக்க நிஜக் கம்பெனிகளின் கார்கள், உரிமம் வாங்கிய பாட்டுகள். மறுபடி விற்பதென்றால் அத்தனைக்கும் திரும்ப அனுமதி வேண்டும். 2012-இல் அதே பெயரில் வந்தது வேறு ஆட்டம், பெயரைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

மறுவெளியீடு என்றாலே நன்றாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். வைஸ் சிட்டி உள்ளிட்ட மூன்று ஜிடிஏ ஆட்டங்கள் 2021 நவம்பரில் புதுப்பித்து வந்தபோது, மழை பெய்தால் திரையில் வெள்ளைக் கோடுகள் மறைத்தன, முகங்கள் விகாரமாக இருந்தன, பழைய பாட்டுகள் சிலவும் இல்லை. அவற்றை வெளியிட்ட ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டது. பெரிய திருத்தம் 2024-இல்தான் வந்தது. வெளியான வாரத்தில் வாங்காமல், ஆடியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் வாங்கினால் 14 நாளுக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், ஆனால் டவுன்லோடைத் தொடங்கியிருக்கக் கூடாது.

கேள்வி: நான் ஏற்கெனவே கேம் ஸ்டிக் வாங்கி ஏமாந்துவிட்டேன். இருபதாம் நாள் நின்றுபோனது. 'திருப்பி எடுக்க மாட்டோம்' என்கிறார்கள். அற்பத் தொகைதான், விட்டுவிடலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: விடாதீர்கள். பழுதான பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திருப்பி எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, இன்றே எழுத்தில் புகார் அனுப்புங்கள். ஆன்லைன் விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணுங்கள். கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது நாளைக்கே காணாமல் போகலாம்.

கேள்வி: பங்குனியில் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வருகிறார். சுவிட்ச் 2 வாங்கிவரச் சொல்லலாமா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: சொல்லலாம். நின்டெண்டோ இங்கே நேரடியாக விற்பதில்லை. இங்கே கடையில் வாங்கினாலும் வெளியிலிருந்து வந்ததுதான், கம்பெனி வாரண்டி கிடைக்காது. அண்ணன் வாங்கினால் பில்லை அவரிடமே வைத்திருக்கச் சொல்லுங்கள், பழுதானால் அங்கேதான் கொடுக்க வேண்டியிருக்கும். சார்ஜர் 230 வோல்ட்டுக்கு ஒத்துப்போகும், பிளக் மட்டும் சதுர முள், ஒரு மாற்றுச் செருகி போதும். ஜப்பானிய மொழி மட்டும் உள்ள மலிவுப் பதிப்பு ஒன்று இருக்கிறது. அதில் ஜப்பானில் பதிந்த நின்டெண்டோ ஆன்லைன் கணக்கு மட்டுமே சேரும், விலையைப் பார்த்து அதை எடுத்துவிட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவையுங்கள்.