கூடைப்பந்து சீசனுக்கு எந்த மாதம்? டர்பன் அட்டவணைக்காரரிடம் கேள்வி பதில்

டர்பன் வட்டார லீக்குகளுக்குப் பல வருஷமாக ஆட்ட அட்டவணை போட்டுக் கொடுப்பவர் இந்த வாரம் பதில் சொல்கிறார். தென்னாப்பிரிக்காவில் தொழில்முறைக் கூடைப்பந்து சீசனை எந்த மாதங்களில் நடத்தினால் உருப்படும் என்பதுதான் பேச்சு. பந்து விலை, ஷூ விலை கேட்டவர்களின் கேள்விகளை எடுத்துவிட்டோம். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

சாட்ஸ்வொர்த்: அண்ணா, இது கூரைக்கு அடியில் ஆடுகிற ஆட்டம். மழையும் வெயிலும் உள்ளே வரப்போவதில்லை. எந்த மாதமாக இருந்தால் என்ன? அமெரிக்காக்காரன் மட்டும் ஏன் அக்டோபரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான்?

நல்ல இடத்தில் ஆரம்பித்தீர்கள். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உண்டாக்கியதே பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாத பையன்களுக்காகத்தான். அதனால்தான் குளிர்கால ஆட்டம் என்று எல்லோரும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது ஆட்டம் பிறந்த கதை. காசு வாங்கி ஆடும் சீசன் பிறந்த கதை வேறு.

அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கான இன்றைய என்பிஏவின் தாய் அமைப்பு 1946 ஜூன் 6-ஆம் தேதி நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. உட்கார்ந்து பேசியவர்களில் பெரும்பாலோர் ஐஸ் ஹாக்கி அரங்கங்களின் முதலாளிகள். ஹாக்கி இல்லாத இரவுகளில் கட்டடம் சும்மா கிடக்கிறது, அதில் ஏதாவது நடத்திக் காசு பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி முதல் ஆட்டம் நடந்ததும் டொராண்டோவில் ஒரு ஹாக்கி அரங்கத்தில்தான். ஐம்பது வருஷம் கழித்து அதே மாதிரி முதலாளிகளுக்குக் கோடையில் கட்டடம் காலியாக இருப்பது உறுத்தியது. 1997-இல் பெண்களுக்கான டபிள்யூஎன்பிஏ கோடைக்கால லீக்காக வந்தது. ஆட்டம் ஒன்றுதான், விதியும் ஏறக்குறைய ஒன்றுதான், பருவம் நேர் எதிர்.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள், அது நம்மைப் போலத் தென்பாதி பூமி. அவர்களுடைய தேசிய லீக் 1979-இல் குளிர்கால லீக்காக ஆரம்பித்தது. குளிர்காலத்தில் அங்கே ஆஸ்திரேலிய ஃபுட்பாலும் ரக்பியும் மொத்த ஜனத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். 1998-இல் சீசனைக் கோடைக்குத் தூக்கி வைத்தார்கள்.

ஆகவே ஆட்டத்துக்கென்று பிறந்த மாதம் எதுவும் இல்லை. கட்டடமும் காலியாக இருக்க வேண்டும், ஜனத்தின் சாயங்காலமும் காலியாக இருக்க வேண்டும். இரண்டும் சேருகிற வாரங்கள்தான் சீசன். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகும் சொல்வேன்: ஹாலை ஒதுக்கியதாக எழுதிக் கொடுத்த ஹால் கடிதம் கையில் இல்லாமல் யாரும் தேதி அறிவிக்காதீர்கள்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்: டிசம்பரில் வைத்தால் என்ன அங்கிள்? பள்ளிக்கூட லீவு, ஜோபர்க் ஜனமெல்லாம் டர்பனுக்கு வந்திருக்கும்.

வந்திருக்கும், கடற்கரைக்கு. டிசம்பர் நடுவில் கட்டட வேலைக்காரர்கள் லீவில் போனால் ஜனவரியில்தான் ஊர் திரும்பும். ஸ்பான்சர் ஆபீசில் போனை எடுக்க ஆள் இருக்காது. ஈஸ்டர்ன் கேப் மாகாணத்துப் பையன்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இதையெல்லாம் சமாளித்தாலும் தரையைச் சமாளிக்க முடியாது. நம் சமூகக்கூடங்களில் ஏசி ஏது? டிசம்பர், ஜனவரி புழுக்கத்தில் ஹால் நிறைய ஜனம் உட்கார்ந்து மூச்சு விட்டால் மரத்தரை வியர்க்கும், வார்னிஷ் மேல் ஈரம் படியும். 2012 நவம்பரில் அமெரிக்காவில் போர்க்கப்பல் தளத்தின் மேல் கல்லூரி ஆட்டங்கள் வைத்தார்கள். ஃபுளோரிடா – ஜார்ஜ்டவுன் ஆட்டம் பாதியோடு நின்றது, காரணம் மழை இல்லை, தரையில் படிந்த ஈரம். பணத்துக்குக் குறைவில்லாத இடத்திலேயே அந்தக் கதி. ஈரத்தரையில் ஆட விடாதீர்கள், முழங்கால் போனால் பையன் பிழைப்பே போச்சு.

டோங்காட்: என்பிஏ சீசனையே கிறிஸ்துமஸுக்குத் தள்ள வேண்டும் என்று படித்தேன். சரியா?

அதைப் பகிரங்கமாகப் பேசியவர் அட்லாண்டா ஹாக்ஸ் அணியின் நிர்வாகி ஸ்டீவ் கூனின், 2020 மார்ச்சில். அக்டோபர், நவம்பரில் அமெரிக்க ஃபுட்பாலோடு மோதுவானேன், டிசம்பர் நடுவில் ஆரம்பித்துக் கோடைவரை ஓட்டலாமே என்பது அவர் வாதம். பேசிய சில நாளிலேயே கொரோனா வந்து அந்தச் சோதனையைத் தானே நடத்திக் காட்டியது. மார்ச் 11-ஆம் தேதி நின்ற சீசன் ஜூலை 30-இல் ஆர்லாண்டோவில் பூட்டிய வளாகத்துக்குள் திரும்பத் தொடங்கி, அக்டோபர் 11-இல் லேக்கர்ஸ் அணி கோப்பை வாங்கி முடிந்தது. அடுத்த சீசன் டிசம்பர் 22-இல் தொடங்கியது, அணிக்கு 82 ஆட்டத்துக்குப் பதில் 72. இறுதி ஆட்டம் 2021 ஜூலை 20.

கூனின் கேட்ட காலண்டர் ஏறக்குறைய அதுதான். ஆனாலும் அடுத்த வருஷமே அக்டோபருக்குத் திரும்பிவிட்டார்கள். ஜூலை, ஆகஸ்டில் அமெரிக்கக் குடும்பங்கள் வீட்டில் தங்குவதில்லை, ஒலிம்பிக்கும் இடிக்கும். என் கருத்தைக் கேட்டால், அவர்களுக்கு ஆரம்பத் தேதியால் நோய் இல்லை, 82 ஆட்டம்தான் நோய். அதைக் குறைத்தால் டிக்கெட் காசு குறையும், எந்த முதலாளி சம்மதிப்பான்?

ஸ்டேங்கர்: டிசம்பர் லீவில் நடத்தினால் கூட்டம் வருமே?

மேலே பீட்டர்மரிட்ஸ்பர்க்காரருக்குச் சொல்லியிருக்கிறேன்.

லெனேசியா: சரி அண்ணா, எது முடியாது என்று நிறையச் சொன்னீர்கள். நமக்கு எந்த மாதம்? ஜூலை என்று மட்டும் சொல்லாதீர்கள், இங்கே அப்போது குளிர்காலம், பல் கிட்டிப்போகிறது.

ஜூலைதான் சொல்லப்போகிறேன், கோபிக்காதீர்கள்.

முதலில் கட்டடம். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முடியப் பள்ளி ஹால்களில் பள்ளி இறுதி மெட்ரிக் பரீட்சை மேஜை கிடக்கும். யுனிவர்சிட்டி ஹால்களில் ஜூனிலும் பரீட்சை, நவம்பரிலும் பரீட்சை. மே மாதம் டர்பன் ஐசிசி மாநாட்டு மையத்துப் பக்கம் போகவே வேண்டாம், சுற்றுலாக் கண்காட்சி பிடித்துக்கொள்ளும். தேர்தல் வந்தால் ஹால் வாக்குச்சாவடி ஆகும். 2024 மே 29-ஆம் தேதி எத்தனை ஹால் போயிற்று என்று நினைத்துப் பாருங்கள். மிச்சம் இருப்பது சமூகக்கூடங்கள். அங்கே நமக்குப் போட்டி யார்? கல்யாண வீட்டார். சனிக்கிழமை மேடை அலங்காரம், ஞாயிற்றுக்கிழமை தாலி, வாரக்கடைசி முழுக்கப் போயிற்று. அவர்கள் வராத மாதம் எது? ஆடி. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் தமிழ்க் கல்யாணம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், மத்தியானத்துக்கு மேல் ஜனம் சும்மாதான் இருக்கும். அப்புறம் ஆவணி மட்டும் இடிக்கும், பிறகு புரட்டாசியில் மறுபடி கல்யாணம் இல்லை.

அடுத்து ஜனம். ஜூன் முதல் பாதியில் காம்ரேட்ஸ் ஓட்டம், ஜூலை முதல் சனிக்கிழமை கிரேவில்லில் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம்; அந்தச் சனிக்கிழமை டர்பனில் ஆட்டம் வைப்பவனுக்குப் புத்தி இல்லை. ஆகஸ்டில் கால்பந்து லீக் ஆரம்பிக்கும், நம் தேசிய ரக்பி அணியான ஸ்பிரிங்பாக் ஆட்டங்கள் சனிக்கிழமைகளைத் தின்னும். எனவே வெள்ளி இரவும் ஞாயிறு மத்தியானமும் நமக்கு.

ஆறு அணி, ஒவ்வொருவரோடும் இரண்டு தடவை என்றால் பத்து வாரம். அரையிறுதி, இறுதி என்கிற பிளே-ஆஃபுக்கு இரண்டு, ஏதாவது தடங்கலுக்கு ஒன்று. ஜூன் கடைசி வாரம் தொடங்கினால் செப்டம்பர் 24-க்குள் முடிந்துவிடும். உங்கள் ஊர்க் குளிருக்கு: ஜோபர்க் ஆட்டங்களை ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு வையுங்கள், வார்ம்-அப் நேரத்தைக் கூட்டுங்கள். குளிரை ஸ்வெட்டர் போட்டுச் சமாளிக்கலாம், புழுக்கத்துக்கு எதைக் கழற்றுவது? இந்த அட்டவணையைப் பார்த்ததும் போஸ்டர் அடிக்க ஓடாதீர்கள், ஹால் கடிதம் முதலில்.

கேப் டவுன்: ஆப்பிரிக்க லீக் மார்ச்சிலிருந்து ஜூன்வரை நடக்கிறதே, நாமும் அதோடு சேர்ந்து நடத்தினால் என்ன?

கூடாது. ஆப்பிரிக்கக் கூடைப்பந்து லீக்குக்குத் தகுதி ஆட்டங்கள் அதற்கு முந்தைய அக்டோபர் முதல் டிசம்பர்வரை நடக்கும். நம் சாம்பியன் யார் என்று செப்டம்பர் முடிவிலேயே தெரிந்தால் நேரே அங்கே போகலாம், உடம்பும் சூட்டோடு இருக்கும். மார்ச்சில் ஆரம்பித்தால் உங்கள் ஊர் டைகர்ஸ் மாதிரி ஓர் அணி இரண்டு பக்கமும் இழுபடும். 2024 மார்ச்சிலும் 2025 ஜூனில் இறுதிச் சுற்றுக்கும் அந்த லீக் பிரிட்டோரியாவுக்கே வந்தது. அந்த வாரங்களில் இருக்கிற ஒன்றிரண்டு நல்ல அரங்கமும் அவர்களுக்குத்தான். பெரிய அரங்கமே நம்மிடம் குறைவு. 2017-இல் என்பிஏ வீரர்கள் வந்து ஆடிய ஜோஹன்னஸ்பர்க் டோம் இன்றைக்குப் பழைய கார் விற்கிற இடம்.

பெனோனி: என்பிஏ ஆட்டத்தை நம் ஊர் நேரத்துக்குச் சாயங்காலம் காட்டச் சொல்லலாமா?

டிவி கம்பெனிக்கு எழுதுங்கள்.

பீனிக்ஸ்: செப்டம்பர் 24 பாரம்பரிய தினம், லீவு நாள். இறுதி ஆட்டத்தை அன்றைக்கே வைத்து வாசலில் நெருப்பில் இறைச்சி சுடுகிற ப்ராய் ஸ்டால் போட்டால் சீசன் செலவில் பாதி வந்துவிடும் அண்ணா!

தேதி எனக்கும் பிடித்திருக்கிறது. ஸ்டால் விஷயம் கமிட்டி பார்க்கும்.

மெரபேங்க்: அங்கிள், செப்டம்பர் 24 எந்த வருஷமும் புரட்டாசிக்குள்தான் விழும். ஒரு மாதம் முழுக்கக் கவிச்சி தொடாத குடும்பங்கள் ஹாலுக்குள் நுழையும்போது வாசலில் போர்வோர்ஸ் இறைச்சிப் புகையா?

நியாயம்தான் அம்மா. ஆனால் இதற்காகத் தேதியை மாற்ற மாட்டேன்.

பீனிக்ஸ் (மறுபடி): வருகிற கூட்டத்தில் பாதிக்கு மேல் ஜூலுப் பையன்கள், முஸ்லிம் பையன்களும் உண்டு. நம் விரதத்தை அவர்கள் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

இசிப்பிங்கோ: நான் ஸ்டால் போடுகிறவன். புரட்டாசியில் சுகர் பீன்ஸ் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே பீன்ஸ் குழம்பு) போகிற வேகத்துக்கு மட்டன் போகாது. ப்ராய்தான் காசு என்று யார் சொன்னது?

மெரபேங்க் (மறுபடி): யாரையும் சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாசல் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

சரி, எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அட்டவணைக்காரனுக்குப் புரட்டாசியில் இடைஞ்சல் இறைச்சி இல்லை, சனிக்கிழமை. புரட்டாசிச் சனி சாயங்காலம் குடும்பங்கள் பெருமாள் கோயிலுக்குப் போகும், பாட்டிமார் போனால் பேரப்பிள்ளைகளும் கூடப் போகும். அன்றைக்கு ஆட்டம் வைத்தால் நாற்காலிதான் பார்க்கும். பின்னாலேயே நவராத்திரி இரவுகள். அதனால் அரையிறுதியை ஞாயிறு மத்தியானம் முடியுங்கள், இறுதியை 24-இல் பகல் ஆட்டமாக வையுங்கள், சாயங்காலம் ஐந்துக்கு எல்லோரும் வீட்டில். ப்ராய் கார் நிறுத்துமிடத்தின் கடைசி மூலைக்குப் போகட்டும். வசந்தத்தில் வடகிழக்குக் காற்று அடிக்கும், எந்த மூலை என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வாசலில் பீன்ஸ் பன்னி. ஜூலுப் பையன்களும் அதை விரும்பித்தான் சாப்பிடுகிறார்கள், போய்க் கேட்டுப் பாருங்கள்.

ஷால்கிராஸ்: நான் ஆடுகிறவன், விரதமும் இருக்கிறேன். பிளே-ஆஃப் நேரத்தில் தெம்பு குறையுமா?

பருப்பு, பீன்ஸ், சோயா, மாஸ் (புளித்த பால்) என்று சரியாகச் சாப்பிட்டால் ஏன் குறைய வேண்டும்? அளவெல்லாம் டயட்டீஷியன் சொல்லட்டும், என் துறை இல்லை. ஈரத்தரையில் மட்டும் ஆடாதே தம்பி.

வெருலம்: என் மகன் பள்ளி அணி, கிளப் அணி இரண்டிலும் ஆடுகிறான். வருஷம் முழுக்க லீக் இருந்தால் நல்லதுதானே?

இல்லை அம்மா. மேலே சொன்ன 2020 லேக்கர்ஸுக்குக் கோப்பை வாங்கிய நாளுக்கும் அடுத்த சீசனுக்கும் நடுவில் கிடைத்தது பத்து வாரம் சொச்சம். மார்ச்சில் லெப்ரான் ஜேம்ஸுக்குக் கணுக்கால் போயிற்று, முதல் சுற்றிலேயே அணி வெளியே வந்துவிட்டது. ஓய்வுக் குறைவுதான் காரணம் என்று ஒரே அடியாக நான் சொல்ல மாட்டேன், ஆனால் மருத்துவரும் மசாஜ்காரரும் கூடவே வைத்திருக்கிற மனிதர்கள் அவர்கள். உங்கள் மகன் டாக்ஸி பிடித்துப் பிராக்டிஸுக்குப் போகிறவன். வருஷத்தில் மூன்று மாதமாவது பந்தைத் தொடாமல் இருக்கட்டும், கடலில் நீந்தட்டும்.

அம்கோமாஸ்: லோட் ஷெடிங் மின்வெட்டு திரும்ப வந்தால்?

ஜெனரேட்டர் யார் பொறுப்பு என்று ஹால் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

கிளேர்வுட், நியூலாண்ட்ஸ், இன்னும் இருவர்: டிசம்பர்...

இல்லை.

இசிப்பிங்கோ (மறுபடி): அப்படியானால் வாசல் ஸ்டால் எனக்குத்தானே அண்ணா?

டெண்டர் போடுங்கள். மெரபேங்க் அம்மாவும் போடப்போகிறாராம்.