புது பிரவுசரா? காப்பீட்டுக் கூட்டம் ஓயட்டும்

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுத் தருகிறேன். 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் குரோம்தான் பயன்படுத்துகிறேன். பத்து டேப் திறந்தாலே திணறுகிறது. தம்பி பயர்பாக்ஸுக்கு மாறச் சொல்கிறான். மாறினால் சேமித்த பாஸ்வேர்டுகள் போய்விடுமா? பட்டா, வில்லங்கம் எல்லாம் அதில் வேலை செய்யுமா?

பதில்: தாராளமாக மாறலாம், ஆனால் ஐப்பசியில் வேண்டாம். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். அடங்கலும் பாஸ்புக்குமாக ஆட்கள் வரிசையில் நிற்கும்போது, புது பிரவுசரில் பிரிண்ட் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. அந்தக் கூட்டம் ஓய்ந்து, தை அறுவடையும் நெல் கொள்முதல் பதிவும் தொடங்கும் வரை கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். கார்த்திகை, மார்கழிதான் இதற்குத் தோதான காலம்.

அதுவரை திணறலுக்கு என்ன காரணம் என்று பாருங்கள். குரோமில் ஷிப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால், எந்த டேப் எவ்வளவு நினைவகத்தைத் தின்கிறது என்று காட்டும். எப்போதோ போட்டு மறந்த எக்ஸ்டென்ஷன்களை, அதாவது பிரவுசரோடு ஒட்டவைக்கும் குட்டிக் கருவிகளை, நீக்குங்கள். நோட்டிபிகேஷன் அனுப்ப அனுமதி வாங்கிவைத்திருக்கும் தளங்களையும் எடுத்துவிடுங்கள். லேப்டாப்பில் இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறதென்றால், பிரவுசரை மாற்றுவதைவிட, அதற்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் போடுவதுதான் அதிக வித்தியாசம் தரும் என்பது என் கருத்து.

சரி, எந்த பிரவுசர்? குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா எல்லாவற்றுக்குள்ளும் பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டுவது பிளிங்க் என்ற ஒரே எஞ்சின். எட்ஜ் 2020 முதல் அப்படித்தான். ஆகவே குரோமில் திறக்கும் அரசுத் தளம் அநேகமாக எட்ஜிலும் அப்படியே திறக்கும். பயர்பாக்ஸ் ஓடுவது, அதை உருவாக்கும் மோசில்லாவின் கெக்கோ என்ற தனி எஞ்சினில். குரோமில் மட்டும் சோதித்துப் பார்த்து வெளியிட்ட படிவம் ஏதாவது இருந்தால், பயர்பாக்ஸில் அதன் கோப்பு ஏற்றும் பட்டனோ தேதிக் கட்டமோ முரண்டு பிடிக்கலாம். அப்படியிருந்தும் உங்கள் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் முழு வடிவில் பயர்பாக்ஸில் ஓடுகிறது. குரோம் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றிய பிறகு அங்கே அதன் லைட் வடிவம்தான். விளம்பரம் குறைந்தால் பக்கம் இலேசாகும், 4 ஜிபி லேப்டாப்புக்கு அது பெரிய உதவி. போலி டவுன்லோடு பட்டன்களும் பெருமளவு மறையும்.

பாஸ்வேர்டு போகாது. புதிய பிரவுசருக்குப் போவது நகல்தான், குரோமில் இருப்பது அப்படியே இருக்கும். குரோமின் பாஸ்வேர்டு மேனேஜரிலிருந்து சிஎஸ்வி என்ற பட்டியல் கோப்பாக எடுத்து, பயர்பாக்ஸில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கோப்பில் எல்லாமே பூட்டில்லாமல் வெறும் எழுத்தாக இருக்கும். ஏற்றிய கையோடு அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். வாட்ஸ்அப்பிலோ பென்டிரைவிலோ வைத்துக்கொள்ள வேண்டாம். கடையில் உதவிக்கு ஆள் இருந்தால், பயர்பாக்ஸில் சேமித்த பாஸ்வேர்டுகளுக்கு மேல் பிரைமரி பாஸ்வேர்டு என்று ஒரு பூட்டும் போடலாம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். விண்ணப்பம் போட வந்தவர்களின் பாஸ்வேர்டுகளும் உங்கள் பிரவுசரில் சேர்ந்திருக்கும். அவற்றைப் புதியதுக்குக் கொண்டுபோகாதீர்கள், பழையதிலிருந்தும் அழித்துவிடுங்கள். உங்களை நம்பிச் சொன்ன பாஸ்வேர்டு அது. இனி வாடிக்கையாளர் வேலையைப் பிரைவேட் விண்டோவில் செய்யுங்கள். பயர்பாக்ஸில் கண்ட்ரோல், ஷிப்ட், பி. குரோமில் கண்ட்ரோல், ஷிப்ட், என். அந்த விண்டோக்களை எல்லாம் மூடியதும் லாகினும் போய்விடும். டவுன்லோடு செய்த ஆதார் நகலும் சிட்டாவும் மட்டும் போகாது, போல்டரில் கிடக்கும். அவர் கடையை விட்டுப் படியிறங்கும் முன் நீங்களே அழித்துவிட வேண்டும்.

அரசுத் தளங்கள் வேலை செய்யுமா என்பதை உங்கள் கடையிலேயே சோதித்துவிடலாம். பயர்பாக்ஸை மோசில்லாவின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே நிற்கும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள். முதலில் உங்கள் வீட்டு நிலத்தின் சிட்டாவை எடுத்துப் பாருங்கள். கேப்ட்சா தெரிகிறதா, ஓடிபி வந்து உள்ளே போகிறதா என்று கவனியுங்கள். ஒன்றுமே திறக்காவிட்டால், பாப்அப்பைத் தடுத்துவிட்டதாக முகவரிப் பட்டிக்குக் கீழே ஒரு வரி நிற்கும், அங்கே அனுமதி கொடுங்கள். அப்புறம் பிரிண்ட். ஜெராக்ஸ் கடைக்கு இதுதான் உயிர்நாடி. ஏ4 தாளில் ஓரம் வெட்டுப்படாமல் வருகிறதா என்று பாருங்கள். மேலும் கீழும் தள முகவரியும் தேதியும் அச்சாகாமல் இருக்க, பிரிண்ட் பெட்டியில் ஹெடர், புட்டர் என்ற இடத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். தமிழ் தட்டச்சு விண்டோஸ் கீபோர்டு வழியாக என்றால் எந்த பிரவுசரிலும் ஓடும். குரோம் எக்ஸ்டென்ஷன் வழியாக அடிப்பவரென்றால் அது பயர்பாக்ஸுக்கு வராது.

வில்லங்கம், காப்பீடு என்று தினமும் திறக்கும் தளங்களை ஒவ்வொன்றாக இப்படிப் பாருங்கள். முரண்டு பிடிப்பதை மட்டும் குரோமிலேயே செய்யுங்கள். இரண்டும் ஒரே லேப்டாப்பில் சண்டையில்லாமல் இருக்கும், ஒரே நேரத்தில் இரண்டையும் திறந்துவைக்காதவரை ரேமும் தாங்கும். இரண்டு வாரம் தடங்கல் இல்லாமல் ஓடிய பிறகு பயர்பாக்ஸை டீபால்ட், அதாவது இணைப்புகள் தானாகத் திறக்கும் பிரவுசர், ஆக்கிக்கொள்ளலாம். அதற்கு முன் அது கேட்கும்போதெல்லாம் ‘இப்போது வேண்டாம்’ என்றே கொடுங்கள்.