வாடிய செடிக்கு 1,180 ரூபாய் செலவழிக்கலாமா?

கேள்வி: பத்து நாள் முன்பு ஆன்லைனில் ஒரு பீஸ் லில்லி வாங்கினேன். வந்தபோது நன்றாகத்தான் இருந்தது. அதன் சின்ன பிளாஸ்டிக் தொட்டி கூடத்தில் வைக்க அழகாக இல்லையே என்று, பத்து அங்குல வெள்ளைப் பீங்கான் தொட்டி வாங்கி (அடியில் ஓட்டை கிடையாது), கீழே கூழாங்கல் பரப்பி, செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து மாற்றி நட்டேன். மூன்றாம் நாளே இலையெல்லாம் தொங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றினால் நிமிரும் என்றார்கள், தினமும் ஊற்றுகிறேன், இன்னும் மோசமாகிறது. வேர் ஹார்மோன் பவுடர், விட்டமின் பி1 கரைசல், எப்சம் உப்பு, மண் ஈரம் பார்க்கும் மீட்டர், நான்கையும் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன், மொத்தம் 1,180 ரூபாய் வருகிறது. எதை வாங்கலாம்? விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? (வேளச்சேரி வாசகி)

பதில்: நான்கையும் நீக்கிவிடுங்கள். முதல் வேலையாக இன்றைக்கே அந்தத் தண்ணீர்க் குவளையைக் கீழே வையுங்கள்.

உங்கள் செடிக்குத் தாகம் இல்லை, மூச்சுத் திணறல். தொட்டி மாற்றும்போது மயிரிழை போன்ற வேர்கள் கொஞ்சம் அறுந்துதான் போகும், தண்ணீரை உறிஞ்சுவது பெரும்பாலும் அவைதான் என்பதால் இரண்டு மூன்று நாள் இலை சோர்வது எல்லாச் செடிக்கும் உள்ளதே. அதோடு விட்டிருந்தால் தானாக நிமிர்ந்திருக்கும். ஆனால் சின்னத் தொட்டியில் இருந்த வேரைப் பத்து அங்குல மண்ணுக்கு நடுவில் வைத்துவிட்டீர்கள், சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தை உறிஞ்ச அங்கே வேரே இல்லை, வெளியே போக ஓட்டையும் இல்லை. காற்று இல்லாத சேற்றில் வேர் வேலை செய்யாது, தண்ணீரிலேயே நின்றாலும் இலைக்குத் தண்ணீர் ஏறாது. அதனால் பார்ப்பதற்குக் காய்ந்த செடி மாதிரியே வாடும், நாமும் பாவம் என்று இன்னொரு குவளை ஊற்றுவோம். நானும் இப்படி ஒன்றைக் கொன்றிருக்கிறேன், அதுவும் பீங்கான் தொட்டிதான்.

கூழாங்கல் போட்டால் தண்ணீர் வடியும் என்று எல்லோரும் சொல்வதுதான், ஆனால் நடப்பது வேறு. மெல்லிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளி உள்ள கல்லுக்குள் தண்ணீர் லேசில் இறங்காது, மேலே உள்ள மண் முழுக்க ஊறிய பிறகுதான் சொட்டும். அதாவது கல் போட்ட உயரத்துக்குச் சேறும் வேருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

சரி, செடியை வெளியே எடுங்கள். பயப்பட வேண்டாம், இப்போது இருக்கும் இடத்தைவிட மோசமான இடம் இல்லை. மண்ணை மெதுவாக உதிர்த்து வேரைப் பாருங்கள். வெள்ளையாகவோ சந்தன நிறத்திலோ இருந்து, விரலால் அழுத்தினால் கெட்டியாக இருந்தால் நல்ல வேர். பழுப்பாகிக் கொழகொழவென்று, இழுத்தால் மேல்தோல் உருவி வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சுகிறதா, சாக்கடை வாடை வருகிறதா, அதைச் சுத்தமான கத்தரியால் வெட்டி எறியுங்கள். நர்சரியில் நாற்று வளர்த்த வலைத்துணி நடு வேரைச் சுற்றி இன்னும் இறுக்கிக்கொண்டு இருக்கலாம், இருந்தால் பொறுமையாகக் கத்தரித்து எடுங்கள், வராத இடத்தில் இழுக்காதீர்கள்.

அப்புறம் பழைய பிளாஸ்டிக் தொட்டியிலேயே நடுங்கள். அதைத் தூக்கிப் போட்டிருந்தால் மிச்சமுள்ள வேரைவிட ஒன்றிரண்டு அங்குலம் மட்டும் அகலமான, ஓட்டை உள்ள தொட்டி ஒன்று வாங்குங்கள், இந்தச் சிகிச்சையில் நிஜமாகவே செலவு செய்ய வேண்டியது அதற்கும் கலவைக்கும் மட்டும்தான். வெறும் செம்மண் வீட்டுக்குள் வைக்கும் செடிக்கு இறுகிப் போகும். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, பெர்லைட் (மண்ணை இறுகாமல் வைக்கும் எடை குறைந்த வெள்ளைத் துகள்) ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு கைப்பிடி போதும். பெர்லைட் விலை அதிகமாகத் தெரிந்தால் பட்டாணி அளவுக்கு உடைத்த அடுப்புக்கரி போடுங்கள், காற்று புக இடம் கிடைத்தால் சரி. வெள்ளைப் பீங்கான் தொட்டி வீணாகாது, பிளாஸ்டிக் தொட்டியை அப்படியே அதற்குள் இறக்கி வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் ஊற்றும்போது மட்டும் வெளியே எடுத்து, நன்றாக வடிந்த பிறகு திரும்ப வையுங்கள்.

ஒரு தடவை அடியில் வழியும்வரை தண்ணீர். அதோடு நிறுத்தி, துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சி உருவி மண்ணில் பாதி ஆழம் குத்தி எடுத்துப் பாருங்கள். குச்சியில் ஈரத்துகள் ஒட்டினால் ஊற்றாதீர்கள், ஒட்டாமல் வந்தால் ஊற்றுங்கள். வெளிச்சம் வேண்டும், நேர்வெயில் கூடாது, ஏசிக் காற்றும் ஃபேன் காற்றும் முகத்தில் அடிக்காத இடம் பாருங்கள். வேர் பாதிக்கு மேல் போயிருந்தால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்த்து, தினம் ஒருமுறை திறந்து மூடுங்கள், இலையிலிருந்து ஈரம் போவது குறையும். பூத்தண்டு இருந்தால் வெட்டிவிடுங்கள். மஞ்சளான இலையை எடுக்கலாம், தொங்குகிறது என்பதற்காகப் பச்சை இலையை எடுக்காதீர்கள், அதுதான் இப்போது செடிக்குச் சமைத்துப் போடுகிறது. நடுவிலிருந்து சுருட்டிய புது இலை எட்டிப் பார்க்கும்வரை வேறு உரம் எதுவும் வேண்டாம். நாலு வாரம் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம்.

இப்போது உங்கள் 1,180 ரூபாய்க்கு வருகிறேன். ஹார்மோன் பவுடர் வெட்டிய குச்சிக்கு வேர் பிடிக்க வைப்பதற்கு, ஏற்கெனவே வேர் உள்ள செடிக்கு இல்லை. விட்டமின் பி1 கதை சுவாரசியமானது. 1930களில் அமெரிக்காவில் ஆய்வுக்கூடத்தில் வெட்டியெடுத்த பட்டாணி வேர்த்துண்டுகளுக்கு அதைக் கொடுத்தபோது வளர்ந்தன, அதை வைத்துப் பாட்டில் வியாபாரம் தொடங்கியது. இலையுள்ள முழுச் செடி அந்த விட்டமினைத் தானே தயாரித்துக்கொள்ளும், கொடுத்தாலும் பலனில்லை என்று பிறகு தெரிந்துவிட்டது, பாட்டில் மட்டும் இன்னும் விற்கிறது. எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேட், மக்னீசியம் குறைந்த செடிக்குத்தான் அது தேவை, அழுகிய வேருக்கு மேலும் உப்பு எதற்கு? மலிவான ஈர மீட்டர்கள் பெரும்பாலும் மண்ணில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்றுதான் பார்க்கின்றன, உரம் அதிகமானாலே முள் ஏறும், கலவை லூசாக இருந்தால் இறங்கும். ஈர்க்குச்சி பொய் சொல்லாது.

பணம் திரும்பக் கிடைக்குமா என்றால், இந்தச் செடிக்குக் கேட்காதீர்கள், நன்றாக வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள். உடைந்தோ அழுகியோ வந்தால், அல்லது படத்தில் காட்டிய செடி ஒன்று வந்த செடி வேறு என்றால், 2020ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகளின்படி விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுக்கலாம்.

இன்னொன்று, வீட்டில் குழந்தையோ பூனையோ இருந்தால் செடியை எட்டாத உயரத்தில் வையுங்கள். பீஸ் லில்லி இலையில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு, கடித்தால் வாயெல்லாம் எரியும்.

கேள்வி: வாடியெல்லாம் போகவில்லை, ஆனால் கோகோபீட் கட்டி வாங்கி ஊறவைத்துத் தொட்டி மாற்றியதிலிருந்து இலை நுனி மட்டும் பழுப்பாகக் கருகுகிறது. ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறேன். (மதுரை வாசகர்)

பதில்: இரண்டு பக்கமும் உப்பு. தேங்காய் நாரில் இயற்கையாகவே பொட்டாசியமும் சோடியமும் உண்டு, உப்புத் தண்ணீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து எடுத்த நார் என்றால் அந்தத் தண்ணீரின் உப்பும் சேரும். கழுவிய கோகோபீட் என்றால் பொட்டலத்தில் 'லோ இசி' (உப்பு குறைவு என்று அர்த்தம்) என்று போட்டிருப்பார்கள். விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அதையே வாங்குங்கள், இல்லையென்றால் பக்கெட்டில் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரை மாற்றி இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஆர்ஓ கழிவு, குழாய்த் தண்ணீரைவிட உப்புக் கூடியது, தரை துடைக்கலாம், தொட்டிச் செடிக்கு வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை, சேமிக்க ஆசைப்பட்டால் அதைப் பிடித்து ஊற்றுங்கள். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது, கத்தரியால் சரித்து வெட்டிவிட்டால் கண்ணை உறுத்தாது.