விளையாட ஆள் கூடினால் வருமானமும் கூடுமா?

கேள்வி: வங்கியில் போட்டிருந்த எஃப்டி முடிந்து 1.5 லட்சம் ரூபாய் வந்திருக்கிறது. ஒரு பிளாக்செயின் கேமில் (கிரிப்டோ பணம் புழங்கும் ஆன்லைன் விளையாட்டு) என்எஃப்டி பாத்திரங்களை, அதாவது சொந்தமாக வாங்கி விற்கக்கூடிய டிஜிட்டல் பாத்திரங்களை வாங்கி, விளையாடுபவர்களுக்குக் கொடுத்தால் அவர்கள் சம்பாதிப்பதில் மாதாமாதம் பங்கு வரும் என்கிறார் நண்பர். ஆட்டக்காரர்கள் கூடிக்கொண்டே போகிறார்களாம். போடலாமா?

பதில்: வேண்டாம். இதே ஏற்பாடு ஆக்ஸி இன்ஃபினிட்டியில் எப்படிப் போனது என்று பாருங்கள். வியட்நாமின் ஸ்கை மேவிஸ் நிறுவனத்தின் கேம் அது. 2021இல் கொரோனாவால் வேலை இழந்த பிலிப்பைன்ஸ் மக்கள் பலர் அதை நம்பி இறங்கினார்கள். அப்போது ஆட மூன்று ஆக்ஸிகள் (அந்த கேமின் என்எஃப்டி பாத்திரங்கள்) வேண்டியிருந்தது. வாங்க வசதியில்லாதவர்களுக்கு உரிமையாளர்கள் கொடுத்து, வருமானத்தில் பங்கு எடுத்தார்கள். அதற்கு 'ஸ்காலர்ஷிப்' என்று பெயர். நீங்கள் செய்ய நினைப்பதும் அதுதான்.

ஜெயித்தால் எஸ்எல்பி என்ற டோக்கன், அதாவது விற்றுக் காசாக்கக்கூடிய கேமின் கிரிப்டோ நாணயம் கிடைத்தது. அது எவ்வளவு உருவாகலாம் என்பதற்கு உச்சவரம்பு இல்லாமல் இருந்தது. அந்த டோக்கன் முக்கியமாகச் செலவானது புது ஆக்ஸியை உருவாக்கும்போது. அந்த ஆக்ஸியை வாங்கியது பெரும்பாலும் புதிதாக வந்தவர். ஆக, பழையவர்களின் சம்பளம் புதியவர்களின் பையிலிருந்துதான் வந்தது. வந்த புதியவரும் அடுத்த நாளே டோக்கன் சம்பாதித்து விற்கத் தொடங்குவார். அதனால்தான் 2021 ஜூலையில் கிட்டத்தட்ட 40 சென்ட்டைத் தொட்ட எஸ்எல்பி, தினசரி ஆட்டக்காரர்கள் 25 லட்சத்தைத் தாண்டிய நவம்பரில் 10 சென்ட்டுக்கும் கீழே கிடந்தது. ஆள் கூடியபோதே விலை விழுந்தது! 2022 பிப்ரவரியில் நிறுவனமே எஸ்எல்பி வழங்குவதைப் பெரிதாகக் குறைத்தது. மார்ச்சில் அந்த கேமின் ரோனின் பிரிட்ஜிலிருந்து (கேமுக்குள்ளும் வெளியேயும் கிரிப்டோ பணத்தை மாற்றும் வழி) 60 கோடி டாலருக்கு மேல் திருடுபோனது தனிக் கதை.

எனவே நண்பரிடம் ஆட்டக்காரர் கணக்கைக் கேட்காதீர்கள். திரும்ப எடுக்கும் எண்ணமே இல்லாமல், ஆசைக்காக உடை, ஆயுதம் என்று காசு செலவழிப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அந்தப் பணம்தான் ஒரு கேமைத் தாங்கும்.

வரியையும் மறக்க வேண்டாம். டோக்கனோ என்எஃப்டியோ விற்று லாபம் வந்தால் இந்தியாவில் 30% வரி, கூடவே செஸ். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது.

அப்புறம், ஆறு மாதச் செலவுக்கான தொகை உங்களிடம் தனியாக இருக்கிறதா? இல்லையென்றால் இந்த 1.5 லட்சம் அதற்காகவே வங்கியில் இருக்கட்டும்.